500 மீட்டருக்கு 10 பிணம்

அரசுத் துறைகளுக்குள் ஒருங்கிணைப்பே இல்லை என்று யாராவது எழுதினால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. இதைவிட அபாண்டம் இருக்க முடியாது. நெடுஞ்சாலைக்காரர்கள், போலீஸ், ஆர்டிஓ, மின்வாரியம், குடிநீர் வடிகால் வாரியம், நகராட்சி, ஊராட்சி, டாஸ்மாக் என்று எட்டு இடத்திலிருந்து வந்து, ஒருவரோடு ஒருவர் ஒரு வார்த்தை பேசாமல், ஒரே சந்திப்பில் ஒரே இரவில் ஒரே ஆளை முடித்துவிட்டு, காலையில் அவரவர் அலுவலகத்தில் பயோமெட்ரிக்கில் விரல் வைக்கிறார்கள். கூலிப்படைக்காரன்கூட இவ்வளவு சுத்தமாக வேலை பார்ப்பதில்லை. அவன் நாலு போன் பேசுவான்; செல்போன் டவரை வைத்துத் தூக்கிவிடுவார்கள். இவர்களிடம் அந்தத் தடயமும் கிடையாது. பேசினால்தானே!

எந்த ஊர் என்று கேட்க வேண்டாம். ஊரின் பழைய ரோட்டைப் புறவழிச்சாலை குறுக்கே வெட்டிக்கொண்டு போகிற எந்த ஊரும்தான். நான்கு வழிச்சாலை. நடுவே சென்டர் மீடியன். வரைபடத்தில் அந்த மீடியன் ஒரு கிலோமீட்டருக்கு உடையாமல் ஓடுகிறது. நேரில் போய்ப் பார்த்தால் கல்யாண மண்டபத்துக்கு நேர் எதிரே ஒரு லாரி திரும்பும் அகலத்துக்கு வாயைப் பிளந்துகொண்டு கிடக்கிறது. உடைத்தது யார் என்று யாருக்கும் தெரியாது. மண்டபம் யாருடையது என்று எல்லாருக்கும் தெரியும்.

சந்திப்பில் ஓர் உயர்கோபுர மின்விளக்கு. தொகுதி மேம்பாட்டு நிதியில் வைத்தது. அடியில் கிரானைட் கல்வெட்டு. அதில் மாண்புமிகுவின் பெயர் நூறடி தள்ளி நின்றாலும் படிக்கலாம், பகலில். இரவில் படிக்க முடியாது, ஏனென்றால் விளக்கு எரிவதில்லை. கரண்ட் பில்லை ஊராட்சி கட்ட வேண்டும் என்கிறது நெடுஞ்சாலை ஆணையம். ரோடு உங்களுடையது, நீங்களே கட்டுங்கள் என்கிறது ஊராட்சி. பாக்கி யாருடையதாக இருந்தால் எங்களுக்கென்ன என்று மின்வாரியம் ஃபியூஸைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டது. மூன்று துறைகளும் ஒரு பிசிறில்லாமல் சேர்ந்து இருட்டை ஏற்படுத்தியிருக்கின்றன.

இருட்டு மட்டும் ஆளைக் கொல்லாது அல்லவா? அதற்காகக் குடிநீர் வாரியம் வந்தது. ரோட்டைக் குறுக்கே வெட்டிக் குழாய் பதித்தது, மண்ணைப் போட்டு மூடியது. மறுபடி தார் போடும் செலவை நெடுஞ்சாலைத் துறைக்குக் கட்டியாயிற்று என்று ரசீது காட்டுகிறது. பணம் வந்தது உண்மைதான், டெண்டர் முடியவில்லை என்கிறது துறை. முதல் மழையில் மண் அரை அடி உள்வாங்கிவிட்டது. பள்ளத்தைத் தாண்டி நாற்பது அடியில் ஒரு பழுதான லாரி. ஒதுங்கி நிற்க அங்கே இடம் கட்டப்படவில்லை. பின்பக்க விளக்கு எரியாது. சிவப்பு ஸ்டிக்கர் எஃப்சி எடுக்கப் போன அன்று மட்டும் பளபளத்தது. டிரைவர் பாவம், தனக்குத் தெரிந்த பாதுகாப்பைச் செய்திருக்கிறார்: ரோட்டோரக் கருவேலத்தில் ஒரு கிளையை ஒடித்து வண்டிக்குப் பின்னால் செருகி, மூன்று கருங்கல்லை வரிசையாக வைத்திருக்கிறார். லாரி போன பிறகும் அந்தக் கற்கள் அங்கேயே இருக்கும். அவற்றை எடுப்பது எந்தத் துறையின் பொறுப்பு என்று எனக்குத் தெரிந்தவரை எந்த அரசாணையிலும் இல்லை.

இத்தனை ஏற்பாட்டுக்குப் பிறகு, மில்லில் இரண்டாம் ஷிப்ட் முடிந்து டிவிஎஸ் எக்ஸ்எல்லில் வருகிற ஒருவர் பள்ளத்தைப் பார்த்து வலப்பக்கம் ஒடிக்கிறார். மீடியன் பிளவில் எதிரே ஒரு கார் திரும்புகிறது. இடப்பக்கம் வெட்டுகிறார். அங்கே லாரி.

அடுத்து ரைட்டரின் வேலை. ஸ்டேஷனில் ஒரு வாசகம் தயாராக இருக்கிறது. 'அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும்.' இந்த இரண்டு சொல்லும் இல்லாமல் தமிழ்நாட்டில் ஒரு விபத்து நடந்ததாக ஆவணமே கிடைக்காது என்று நினைக்கிறேன். வாகனம் இரண்டென்றால் பெரிய வாகனத்தின் டிரைவர் அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டியிருப்பார். நிற்கிற லாரி மீது ஒருவர் மோதினால், செத்தவரே அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் வந்திருப்பார். டிவிஎஸ் எக்ஸ்எல்லில், ஷிப்ட் முடிந்த களைப்பில், அதிவேகம்! பள்ளம் வழக்கில் வராது. இருட்டு வராது. மீடியன் பிளவு வரவே வராது. கடந்த நூறாண்டில் இந்த நாட்டில் ஓடிய வண்டி எல்லாவற்றையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றியிருக்கிறோம். ஒரு ரோடுகூட ஏ1 ஆனதாகக் கேள்விப்பட்டதில்லை.

அந்த எஃப்ஐஆர் அதோடு நிற்பதில்லை. அது கணினியில் ஏறுகிறது. சென்னை ஐஐடியும் தேசியத் தகவலியல் மையமும் சேர்ந்து ஐராட் என்று ஒரு நல்ல செயலியை உருவாக்கித் தந்திருக்கின்றன. காவல், நெடுஞ்சாலை, போக்குவரத்து, சுகாதாரம் என்று நான்கு துறையும் ஒரே விபத்தைப் பற்றி ஒரே இடத்தில் எழுத வேண்டும் என்பது ஏற்பாடு. எழுதுகிறார்கள். ரைட்டருடைய வாசகத்தைத்தான் எழுதுகிறார்கள். எல்லா மாவட்டத்து ரைட்டர்களும் எழுதியது டெல்லியில் போய்ச் சேர்ந்து, 2022இல் நாட்டில் நடந்த சாலை மரணங்களில் 71 சதவீதத்துக்கும் மேல் அதிவேகத்தால் நடந்தவை என்று அறிக்கையாகத் திரும்பி வருகிறது. அறிக்கை அப்படிச் சொன்னால் மருந்தும் அப்படித்தானே இருக்கும்? மக்களுக்கு விழிப்புணர்வு போதவில்லை. பேரணி நடத்து. அபராதத்தை ஏற்று. பள்ளம் அப்படியே இருக்கட்டும். அதன்மீது எந்தப் புகாரும் இல்லை. அதிவேகத்தில் சாவதே இல்லை என்று நான் சொல்லவில்லை. ஏராளமான பேர் சாகிறார்கள். ஆனால் வேகத்தையும் பள்ளத்தையும் பிரித்தறிய முடியாதபடி எல்லாப் பிணத்துக்கும் ஒரே வாசகத்தை எழுதி வைத்தால், மிச்சமிருப்பவரை எதைக் கொண்டு காப்பாற்றுவீர்கள்?

சட்டம் இல்லாமல் இல்லை. 2019 திருத்தத்தில் மோட்டார் வாகனச் சட்டத்துக்குள் 198ஏ என்று ஒரு பிரிவு வந்தது. சாலையை வடிவமைப்பதிலோ கட்டுவதிலோ பராமரிப்பதிலோ தரம் தவறி, அதனால் ஒருவர் செத்தாலோ ஊனமானாலோ, பொறுப்பான அதிகாரியும் ஒப்பந்தக்காரரும் ஆலோசகரும் தண்டனைக்கு உரியவர்கள். என்ன தண்டனை? ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். 'வரை' என்பதைக் கவனியுங்கள். தமிழ்நாட்டில் ஹெல்மெட் போடாமல் போனால் 1,000 ரூபாய். ஆக, ஹெல்மெட் போடாத 100 பேரும் ரோடு போடாத ஒருவரும் சட்டத்தின் முன் சமம். அந்த 100 பேரையும் ஒரு போக்குவரத்து எஸ்ஐ ஒரே மாலையில், ஒரே மரத்தடியில் நின்று பிடித்துவிடுவார். அந்த ஒருவரை யார் பிடித்தார்கள்? உங்கள் மாவட்டத்தில் 198ஏ பிரிவில் அபராதம் கட்டிய செயற்பொறியாளர் ஒருவரை நீங்கள் பார்த்திருந்தால் சொல்லுங்கள், நேரில் வந்து கும்பிட்டுவிட்டுப் போகிறேன்.

சரி, பள்ளத்தைச் சரிசெய்ய என்னதான் வழி? வழி இருக்கிறது. அந்த இடம் 'பிளாக் ஸ்பாட்' ஆக வேண்டும். இதற்கு 2015இல் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் இலக்கணம் வகுத்துக் கொடுத்திருக்கிறது. தேசிய நெடுஞ்சாலையில் ஏறக்குறைய 500 மீட்டர் நீளத்துக்குள், கடந்த 3 காலண்டர் ஆண்டுகளில், உயிர்ச்சேதமோ படுகாயமோ ஏற்படுத்திய 5 விபத்துகள் நடந்திருக்க வேண்டும். அல்லது 10 பேர் செத்திருக்க வேண்டும். ரேஷன் கார்டுக்குக்கூட இவ்வளவு தெளிவாகத் தகுதி வரையறுத்தது கிடையாது.

ஐந்து விபத்துதானே, சுலபம் என்று நினைத்துவிடாதீர்கள். கால் முறிந்தவர் தனியார் மருத்துவமனையில் சேர்ந்து, இரண்டு தரப்பும் 'பேசி முடித்து', எஃப்ஐஆர் இல்லாமல் போனால் அந்தக் கால் முறியவே இல்லை. கணக்கில் ஏறும் உத்தரவாதம் பிணத்துக்குத்தான் உண்டு. அதிலும் காலண்டர் ஆண்டு என்பதை மறந்துவிடக் கூடாது. ஒன்பது பேர் ஒழுங்காகச் செத்து, பத்தாமவர் அசிரத்தையாக இருந்து ஜனவரி 1ஆம் தேதி அதிகாலையில் செத்தால், முதல் ஆண்டின் கணக்கு கழன்றுவிடும். மறுபடி ஆளைச் சேர்க்க வேண்டும்.

சந்திப்பில் டீக்கடை வைத்திருப்பவர் இந்தக் கணக்கில் கெட்டிக்காரர். சத்தம் கேட்டதும் முதலில் ஓடுகிறவர் அவர்தான். 108க்குப் போன் போடுகிறவரும் அவர்தான். கல்லாவுக்குக் கீழே பழைய வேட்டி இரண்டை மடித்து வைத்திருக்கிறார். எதற்கென்று சொல்ல வேண்டியதில்லை.

"எத்தனைண்ணே ஆச்சு?"

"போலீஸ் கணக்கா, நம்ம கணக்கா தம்பி?"

"ரெண்டும் சொல்லுங்க."

"அவங்க கணக்குல விபத்து அஞ்சு தேறல, சாவு ஏழு. நம்ம கணக்கு பதினொண்ணு. அதே விபத்துகள்ல அடிபட்ட நாலு பேரு ரெண்டு வாரம் கழிச்சு பெரியாஸ்பத்திரியில போனாங்க. காயக் கேசைச் சாவுக் கேசா மாத்துனாங்களா இல்லையான்னு யாரு போயி நாயா அலையுறது? காரியத்துக்கு அலையுறதுக்கே சரியாப் போச்சு அவங்களுக்கு."

அந்தச் சந்திப்பு இன்னும் தேறவில்லை என்பதை இங்கே வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

தேறிவிட்டால் மட்டும் என்ன என்று கேட்பவர்கள் தருமபுரி பக்கம் தொப்பூர் கணவாய்க்கு ஒரு நடை போய் வரலாம். சேலத்தையும் தருமபுரியையும் இணைக்கும் தேசிய நெடுஞ்சாலையில், இறக்கமும் வளைவும் ஒன்றன்மேல் ஒன்றாக வரும்படி கட்டிவைத்த இடம். டீசலை மிச்சம் பிடிக்க லாரிகள் நியூட்ரலில் இறங்கும், பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போகும் என்பது அந்தப் பக்கத்துப் பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். 2020 டிசம்பர் 12 அன்று கட்டுப்பாட்டை இழந்த ஒரு லாரி, நெரிசலில் நின்றுகொண்டிருந்த வண்டிகளை வரிசையாக இடித்து நசுக்கியதில் 4 பேர் செத்தார்கள். அதிகாரிகள் வந்தார்கள், ஆய்வு செய்தார்கள். 2024 ஜனவரியில் மறுபடியும் ஒரு லாரி, மறுபடியும் வரிசையாக, இந்தத் தடவை தீயும் பிடித்தது. மறுபடியும் வந்தார்கள், ஆய்வு செய்தார்கள். தொப்பூரில் பிரேக் பிடிக்காதது லாரிக்கு மட்டும்தான். கோப்புகள் எல்லாம் நின்ற இடத்தில் உறுதியாக நின்றன.

இனி ஒருங்கிணைப்பின் கருவறைக்குள் போகலாம். மாவட்டச் சாலைப் பாதுகாப்புக் குழு. கோவை எலும்பு மருத்துவர் எஸ். ராஜசேகரன் 2012இல் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். உடைந்து வருகிற எலும்பை ஒட்டிக்கொண்டே இருப்பதைவிட உடைக்கிறவர்களைக் கேள்வி கேட்கலாம் என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். அந்த வழக்கில்தான் 2014இல் நீதிபதி கே.எஸ். ராதாகிருஷ்ணன் தலைமையில் கண்காணிப்புக் குழு வந்தது. 2017 நவம்பர் 30 அன்று நீதிமன்றம் இருபதுக்கும் மேற்பட்ட உத்தரவுகளைப் போட்டது. மாவட்டம்தோறும் குழு, எல்லாத் துறையும் ஒரே மேசையில் என்பது அவற்றில் ஒன்று. கலெக்டர் தலைவர். எஸ்பி, நெடுஞ்சாலை, போக்குவரத்து, சுகாதாரம், உள்ளாட்சி எல்லாம் உறுப்பினர்கள். உலகத்தில் எங்கே கேட்டாலும் இதுதான் சரியான ஏற்பாடு என்பார்கள்.

கூட்டம் காலை 11 மணிக்கு. பிளாஸ்டிக் ஒழிப்புக் கூட்டம் நீண்டுவிட்டதால் கலெக்டர் 12.20க்கு வருகிறார். ஒரு மணிக்கு வேறு கூட்டம். தேசிய நெடுஞ்சாலைத் திட்ட இயக்குநர் வரவில்லை. டோல்கேட் மேலாளரை அனுப்பியிருக்கிறார். டோல்கேட் மேலாளருக்கு ஒரு கூடை தார் வாங்கக் கையெழுத்துப் போடும் அதிகாரம் கிடையாது. ஆனால் தலையாட்டும் அதிகாரம் உண்டு. சென்ற கூட்டத் தீர்மானங்களின் மீது எடுத்த நடவடிக்கை வாசிக்கப்படுகிறது. விளக்கு: 'தொடர்புடைய துறைக்குக் கடிதம் அனுப்பப்பட்டுள்ளது.' குழாய்ப் பள்ளம்: 'மதிப்பீடு தயாரிக்கப்பட்டு வருகிறது.' மீடியன் பிளவு: 'கருத்துரு அனுப்பப்பட்டு, பதில் எதிர்நோக்கப்படுகிறது.' லாரி நிற்க இடம்: 'நடவடிக்கையில் உள்ளது.' சென்ற கூட்டத்திலும் இதே நான்கு பதில்கள்தான். தேதியை மட்டும் மாற்றியிருக்கிறார்கள். ஓர் இடத்தில் மாற்ற மறந்தும் இருக்கிறார்கள்.

அடுத்து எஸ்பி அலுவலகத்தின் பவர்பாயிண்ட். இந்தக் காலாண்டில் போட்ட ஹெல்மெட் வழக்குகள் இத்தனை ஆயிரம், வசூல் இத்தனை லட்சம். ஆர்டிஓ தரப்பில் அதே மாதிரி ஒரு தொகை. அந்த அறையில் இதுவரை கேட்ட ஒரே நிஜமான எண் இதுதான் என்பதால் எல்லார் முகத்திலும் ஒரு தெளிவு. இதே ஆர்டிஓ அலுவலகத்து மைதானத்தில்தான் 'எட்டு' போட்டுக் காட்டினால் ஒருவருக்கு உரிமம் கிடைக்கிறது. நெடுஞ்சாலையில் எட்டு எங்கே வரும் என்று நானும் பல காலமாகத் தேடுகிறேன். ஒருவேளை பள்ளங்களைச் சுற்றிப் போவதற்கான பயிற்சியோ என்னவோ. அப்படியென்றால் வாபஸ் வாங்கிக்கொள்கிறேன், அரசுக்குத் தொலைநோக்கு இருக்கிறது.

பஜ்ஜியும் டீயும் வருகின்றன. முடிவு எடுக்கப்படுகிறது: அனைத்துத் துறை அலுவலர்களும் 'கூட்டுப் புலத்தணிக்கை' செய்து அறிக்கை தர வேண்டும்.

செய்தார்கள். ஆறு ஜீப்புகள் வந்தன. ஆறையும் வளைவிலேயே நிறுத்தியதால் அரை மணி நேரம் டிராபிக் ஜாம். ஒருவர் டேப்பைப் பிடித்தார், ஒருவர் பள்ளத்தைச் சுட்டிக்காட்டினார், ஒருவர் சுட்டிக்காட்டுகிறவரைப் படம் எடுத்தார். ஜியோடேக் செய்த அந்தப் படம் கோப்பில் இருக்கிறது. படத்தில் பள்ளம் மிகத் தெளிவாக விழுந்திருக்கிறது. இப்போதும் அதே தெளிவோடு அங்கே இருக்கிறது.

ஒரு குழு போதவில்லை என்பது டெல்லிக்கும் தெரிந்திருக்க வேண்டும். அதனால் எம்பி தலைமையில் மாவட்டத்துக்கு இன்னொரு சாலைப் பாதுகாப்புக் குழு. மேலே மாநிலச் சாலைப் பாதுகாப்பு மன்றம், அதற்கு மேலே தேசிய மன்றம், 2021 செப்டம்பரில் அறிவிக்கை செய்த தேசியச் சாலைப் பாதுகாப்பு வாரியம், எல்லாவற்றுக்கும் மேலே உச்ச நீதிமன்றக் குழு. அடுக்கடுக்காக இத்தனை பேர் பாதுகாக்கிற ஒரு நாட்டில், 2015இல் 1,46,133 பேர் ரோட்டில் செத்தார்கள். அதே ஆண்டு பிரேசிலியாவில் போய் 2020க்குள் சாவைப் பாதியாக்குவோம் என்று கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தோம். 2022இல் 1,68,491 பேர். இலக்கை 2030க்குத் தள்ளி வைத்தாயிற்று. 2030 வந்தால் அதற்கப்பால் ஆண்டுகளுக்கா பஞ்சம்? 2024 டிசம்பரில் மக்களவையில் அமைச்சர் நிதின் கட்கரி, சர்வதேச மாநாடுகளில் சாலை விபத்துப் பேச்சு வந்தால் முகத்தை மறைத்துக்கொள்கிறேன் என்றார். உண்மையைச் சொன்னதற்குப் பாராட்டத்தான் வேண்டும். அவருக்கு மறைப்பதற்கு ஒரு முகம் இருக்கிறது. ஜிஎச் பிணவறை வாசலில், 'சட்டைக் கலரைச் சொல்லுங்கம்மா, அதை வைத்துப் பார்த்துக்கலாம்' என்று கேட்கப்படுகிற வீட்டாருக்கு அந்த வசதியும் இல்லை.

டாஸ்மாக்கை மறந்துவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். அதை மறக்க முடியுமா? 2023-24இல் 45,000 கோடி ரூபாய்க்கு மேல் கஜானாவுக்குக் கொடுத்த நிறுவனம். நெடுஞ்சாலையிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்று 2016 டிசம்பர் 15இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. பிளாக் ஸ்பாட்டுக்கும் 500 மீட்டர், பாட்டிலுக்கும் 500 மீட்டர். நம் அரசுகளுக்கு இந்த நீளத்தோடு ஏதோ ஜென்மப் பகை. 2017 ஏப்ரலில் தமிழ்நாட்டில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட கடைகள் மூடப்பட்டன. அப்போது பார்த்தீர்களா ஒருங்கிணைப்பை! விளக்குக்கு ஃபியூஸ் போட மூன்று வருடம் கடிதம் எழுதுகிற துறைகள், சில வாரங்களில் விழித்துக்கொண்டன. கடையை நகர்த்துவது கஷ்டம், ஆகவே ரோட்டை மாற்றுவோம்: மாநில நெடுஞ்சாலையை உள்ளாட்சிச் சாலை என்று தீர்மானம் போட்டு எடுத்துக்கொள்ளுங்கள் என்று உள்ளாட்சிகளுக்கு ஓலை பறந்தது. கல் அதே கல், தார் அதே தார், லாரி அதே லாரி. பேர் மட்டும் மாறினால் குடித்துவிட்டு ஓட்டுகிறவன் கை நடுங்காது போலிருக்கிறது. சென்னை உயர் நீதிமன்றம் குறுக்கே நின்றது. பிறகு அதே ஆண்டு ஜூலையில், நகராட்சி எல்லைக்குள் தடை பொருந்தாது என்று உச்ச நீதிமன்றமே விளக்கம் கொடுத்துவிட்டது. கேரளத்து வட பரவூரில் ஒரு பார் இன்னும் ஒரு படி மேலே போனது. வாசலுக்கு முன்னால் வளைந்து வளைந்து போகும்படி ஒரு நடைபாதையைக் கட்டி, தூரத்தை மீட்டர் கணக்கில் கூட்டிக் காட்டியது. இந்த விவகாரத்தில் சட்டென்று முடிந்த கட்டுமானம் அது ஒன்றுதான். இப்போது மாலை ஏழு மணிக்கு அரசின் ஒரு கை கடையில் ஊற்றிக் கொடுக்கிறது. அரசின் இன்னொரு கை அரை கிலோமீட்டர் தள்ளி நின்று ஊதச் சொல்கிறது. இரண்டு கைக்கும் வசூல் உண்டு.

அரசாங்கத்தில் ஒன்றுமே உருப்படியில்லை என்று சொன்னால் என் வாய் அழுகிவிடும். 2021 டிசம்பர் 18இல் மேல்மருவத்தூரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டம் உண்மையிலேயே பிழைக்க வைக்கிறது. தமிழ்நாட்டு எல்லைக்குள் அடிபட்டவர் எந்த ஊர்க்காரராக இருந்தாலும் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்குக் காசு கேட்பதில்லை. அந்த 48 மணி நேரத்தில் மருத்துவர்களும் செவிலியர்களும் படுகிற பாட்டை நான் கேலி செய்யமாட்டேன். எனக்குள்ள ஒரே சந்தேகம் இதுதான்: அடிபட்ட முதல் நிமிடத்திலிருந்து என் உயிர் அரசுக்கு இன்னுயிர். அதற்கு முந்தைய நிமிடம், மொபெட்டில் பள்ளத்தை நோக்கி வந்துகொண்டிருந்தபோது, அது என்ன உயிர்?

ஜனவரி வந்தால் இதற்கும் பதில் கிடைத்துவிடும். சாலைப் பாதுகாப்பு மாதம். முன்பு வாரமாக இருந்தது, 2021இல் மாதமாக வளர்ந்தது. சாவும் வளர்கிறது, விழாவும் வளர வேண்டாமா? ஆயுதப்படைக் காவலர் ஒருவருக்கு மீசை ஒட்டி, அட்டைக் கிரீடம் வைத்து, பிளாஸ்டிக் கதையைக் கையில் கொடுத்து யமனாகச் சிக்னலில் நிறுத்துவார்கள். ஹெல்மெட் போடாதவர் கழுத்தில் பாசக்கயிறு. போட்டவருக்கு ரோஜாப்பூ, சாக்லேட். பக்கத்தில் பேரிகார்டு; அதில் காவல் துறையின் பெயர் கீழே ஒரு ஓரத்தில், நகைக்கடையின் பெயர் நடுவில், செய்கூலி இல்லை சேதாரம் இல்லை. சேதாரம் இல்லையாம்! கல்லூரி மாணவர்கள் கொளுத்தும் வெயிலில் பதாகை பிடித்து நடப்பார்கள். ரோட்டை மறித்து நடக்கும் அந்தப் பேரணிக்குள் சிக்கி ஒரு 108 வண்டி அலறிக்கொண்டிருக்கும்.

வேடம் போட்ட அந்தக் காவலர் மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை. அவர் ஷிப்ட் முடிந்து வீட்டுக்குப் போவதும் அதே இருட்டு ரோட்டில்தான். என் கோபமெல்லாம், யமனைச் சிக்னலுக்கு அனுப்பிவிட்டு மதிப்பீட்டை மேசையிலேயே வைத்துக்கொண்டவர்கள் மேல்தான். விஐபி வருகை என்றால் இதே துறைகளுக்கு எங்கிருந்து வருகிறது அத்தனை வேகம்? முதல் நாள் இரவே வேகத்தடையைச் சுரண்டி எடுக்கிறார்கள். பள்ளம் நிரம்புகிறது, விளக்கு எரிகிறது, மாடுகள் மாயமாகின்றன, மீடியனுக்குக் கறுப்பு வெள்ளை அடிக்கிறார்கள். நிதி ஒதுக்கீடு எதிர்நோக்கப்படுவதில்லை, கருத்துரு அனுப்பப்படுவதில்லை. கான்வாய் போன மூன்றாம் நாள் வேகத்தடை திரும்ப முளைக்கிறது. இந்திய சாலைப் பேரவை சொல்கிற அளவு 10 சென்டிமீட்டர் உயரம், 3.7 மீட்டர் அகலம், கண்ணுக்குத் தெரிகிற வண்ணம். முளைப்பதோ ஒரு முழ அகலத்தில் கத்தி முனையாக, வண்ணமே இல்லாமல், பின்னால் உட்கார்ந்து வருகிற பெண்களைத் தூக்கி எறியவென்றே. ஆக, இவர்களுக்குத் தெரியாமல் இல்லை. முடியாமலும் இல்லை. யாருக்காகச் செய்ய வேண்டும் என்பதில் மிகத் தெளிவாக இருக்கிறார்கள்.

யாருக்காகச் சும்மா இருக்க வேண்டும் என்பதிலும் அதே தெளிவுதான். சென்னைப் பள்ளிக்கரணையில் 2019 செப்டம்பர் 12 அன்று, கட்சிக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்காக மீடியனில் கட்டிய பேனர் சரிந்து விழுந்து, 23 வயதுப் பெண் ஒருவர் தடுமாறித் தண்ணீர் லாரியில் மாட்டிச் செத்தார். அதற்கு முன்பே பேனர்களுக்கு எதிராக உயர் நீதிமன்ற உத்தரவுகள் இருந்தன. கட்டியதை மாநகராட்சி பார்த்தது, போலீஸ் பார்த்தது, நெடுஞ்சாலைத் துறை பார்த்தது. எல்லாரும் சேர்ந்தே பார்த்தார்கள்.

நீங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. 10 ரூபாய் செலவு. தகவல் உரிமைச் சட்டத்தில் உங்கள் கலெக்டர் அலுவலகத்துக்கு ஒரு மனு எழுதுங்கள். மாவட்டச் சாலைப் பாதுகாப்புக் குழு கடந்த ஓராண்டில் எந்தெந்தத் தேதிகளில் கூடியது, யார் வந்தார்கள், யார் பிரதிநிதியை அனுப்பினார்கள், கூட்டக் குறிப்பின் நகல், முடிவுகளில் நிறைவேறியவை எவை, 198ஏ பிரிவில் யார் மீதாவது நடவடிக்கை உண்டா என்று கேளுங்கள். உங்கள் ஊர்ச் சந்திப்பின் பெயரைக் குறிப்பிட்டு அதற்குப் பொறுப்பான அதிகாரியின் பதவிப் பெயரைக் கேளுங்கள். அதைத்தான் சொல்லத் தயங்குவார்கள். சட்டப்படி 30 நாளில் பதில் வர வேண்டும். 2022இல் தமிழ்நாட்டுச் சாலைகளில் செத்தவர்கள் 17,884 பேர், அதாவது ஒரு நாளைக்கு 49. அந்தக் கணக்குப்படி, உங்கள் மனுவுக்குப் பதில் வந்து சேருவதற்குள் 1,470 பேர் செத்திருப்பார்கள்.